சகலையின் நூற்றெண்பது வோல்ட்

தேனி பஜாரில் ஏசுதாசன் என்று விசாரித்தால் எந்த ஏசுதாசன் என்று திருப்பிக் கேட்பார்கள். மீட்டர் ஏசுதாசன் என்றால் போதும், கூடவே வந்து கடை வாசலில் விட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், மோட்டார் காயில், லாரி பேட்டரி, எதுவானாலும் அவர்தான். மதுரையில் ஒரு ரேடியோ கடையில் நான்கு வருஷம் ஏச்சும் பேச்சும் வாங்கித் தொழில் பழகி, அறுபத்து மூன்றில் சொந்தக் கடை போட்டவர். மறுவருஷம் மேகமலை எஸ்டேட்டில் இருந்த வெள்ளைக்கார இன்ஜினீயர் ஒருவர் ஊருக்குக் கப்பலேறும்போது வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார். மற்றவர்கள் மேஜைக்கும் கட்டிலுக்கும் அடித்துக்கொண்டபோது இவர் தோல் பெட்டிக்குள் கிடந்த மல்டிமீட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு மலையிறங்கினார். அன்று பிடித்தது யோகம். எதைக் கொண்டுவந்தாலும் இரண்டு கம்பியை வைத்து, முள்ளைப் பார்த்து, பஜாருக்கே கேட்கிற மாதிரி எண்ணைச் சொல்லுவார்.

"பத்தரை வோல்ட்டு! பேட்டரி செத்துப்போச்சு, தூக்கிட்டுப் போங்க!"

முள் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. லாரிக்காரர்கள் மறுபேச்சுப் பேசாமல் தூக்கிக்கொண்டு போவார்கள்.

நல்ல மனுஷர்தான். ஏழைபாழைகள் ரேடியோவைக் கொண்டுவந்தால் சாமானுக்கு மட்டும் காசு வாங்குவார், கூலி வாங்க மாட்டார். ஆனால் ஒரு குறை உண்டு, மறைப்பானேன்? பொறாமைக்காரர். சாதாரணப் பொறாமை இல்லை. எதிர்க்கடைக்காரன் புதிதாக டியூப்லைட் போர்டு மாட்டினால் இவருக்கு அன்று ராத்திரி சோறு இறங்காது. பக்கத்துவீட்டுக்காரன் பையன் பாஸாகிவிட்டால் இவர் பையனுக்கு உதை விழும். இதெல்லாம் அவருக்கே தெரியும். ஜெபத்தில்கூட ஆண்டவரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறார். ஆண்டவர் என்ன செய்வார் பாவம், எத்தனை பேரின் போர்டைத்தான் கழற்றுவார்?

இப்பேர்ப்பட்ட மனுஷருக்கு ஒரு சகலை வந்து வாய்த்தான்.

ஏசுதாசனின் மனைவி ஞானசெல்வி, போடியில் ஏலக்காய் மண்டி வைத்திருந்த ஞானசிகாமணி நாடாரின் மூத்த மகள். அறுபத்தைந்தில் கல்யாணம். பதின்மூன்று வருஷம் கழித்து இளையவள் ஜெபமணியைச் சுந்தர்ராஜ் என்கிற பையனுக்குக் கொடுத்தார்கள். கோயம்புத்தூரில் மோட்டார் கம்பெனி ஒன்றில் வேலை. அவன் கோயம்புத்தூரிலேயே இருந்த வரைக்கும் ஏசுதாசனுக்கு அவன் தங்கமான பையன்தான். எண்பத்து மூன்றில் வேலையை விட்டுவிட்டு வந்து, பழனிசெட்டிபட்டியில் ஒரு கொட்டகையைப் பிடித்து, டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகிற பட்டறை போட்டான் பாருங்கள், அன்றைக்குப் பிடித்தது சனி.

"சொல்லாமக் கொள்ளாம வந்து எந்தொழில்லயே கை வைக்கிறானே, உந்தங்கச்சி புருசன்!" என்று ஞானசெல்வியிடம் குதித்தார்.

"அவுக வந்து உங்ககிட்டத்தான் மொதல்ல சொன்னாக. நீங்கதான் ரேடியோவக் குடைஞ்சுக்கிட்டு காதுல வாங்கல," என்றாள் ஞானசெல்வி.

எண்பத்தாறில் கரண்ட் தட்டுப்பாடு தலைவிரித்து ஆடியது. மலையடிவாரத்தில் லோயர் கேம்ப் பவர்ஹவுஸில் ராவும் பகலும் கரண்ட் எடுக்கிறார்கள், அந்தக் கம்பி நம் தலைக்கு மேலேதான் போகிறது, ஆனால் நம் வீட்டில் அரிக்கேன் விளக்கு. இந்தக் கொடுமையைப் பேசாத டீக்கடை இல்லை. சின்னமனூரில் பிரசவ ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டர் பிலோமினா ஏசுதாசனைக் கூப்பிட்டனுப்பினார். பத்துக் கட்டில் உள்ள சின்ன ஆஸ்பத்திரி. கரண்ட் போனால் உடனே பேட்டரியிலிருந்து லைட்டும் ஃபேனும் ஓடுகிற மாதிரி ஒரு மிஷின் வேண்டும் என்றார். அந்த அம்மாவுக்கு வேலை பிடித்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் அத்தனை டாக்டர்களும் வரிசையில் நிற்பார்கள். ஏசுதாசன் மார்தட்டிக்கொண்டு ஒத்துக்கொண்டார்.

செய்தும் கொடுத்தார். இரண்டு லாரி பேட்டரி, தடித்தடியான டிரான்சிஸ்டர்கள், ஒரு டிரான்ஸ்ஃபார்மர். பேட்டரியில் இருப்பது ஒரே பக்கமாகப் போகிற கரண்ட். அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வினாடிக்கு ஐம்பது தடவை மாற்றி மாற்றித் தள்ளி, டிரான்ஸ்ஃபார்மரில் பெருக்கி வெளியே விட வேண்டும். மீட்டரை வைத்து இருநூற்று முப்பது வரவைத்துத்தான் மாட்டினார். லைட் எரிந்தது. ஃபேன்தான் சுற்றும்போது உறுமியது. சும்மா இல்லை, மாவு மில் மாதிரி உறுமியது. பிள்ளை பெற்ற பெண்கள் தூங்க முடியவில்லை என்றார்கள், தூங்கிய பிள்ளைகள் விழித்து அழுதன. ஒரு மாதம் பொறுத்துவிட்டு டாக்டரம்மா மிஷினைக் கழற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்.

அதுகூடப் பெரிதில்லை. அடுத்து அந்த அம்மா யாரைக் கூப்பிட்டார்? சுந்தர்ராஜை!

ஏசுதாசனுக்கு நெஞ்சு காந்தியது. மூன்று நாள் பொறுத்தார். நான்காம் நாள் ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு, கொழுந்தியாளைப் பார்க்கப் போகிற மாதிரி பழனிசெட்டிபட்டிக்குப் போனார். பழத்தை ஜெபமணி கையில் கொடுத்துவிட்டு நேரே பட்டறைக்குள் நுழைந்தார்.

உள்ளே மிஷின் தயாராக இருந்தது. ஒரு ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தது. உறுமல் இல்லை. காது கொடுத்துக் கேட்டால் லேசாக ஒரு முனகல், அவ்வளவுதான்.

"எப்படிடா தம்பி?" கேட்டிருக்கக் கூடாது. வாய் தன்னால் கேட்டுவிட்டது.

சுந்தர்ராஜுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. தரையில் கரித்துண்டால் கோடு போட்டே காட்டினான். "அண்ணே, ஈபி கரண்டு அலை மாதிரி மெதுவா ஏறி மெதுவா இறங்குது. நம்ம மிஷினுல மெதுவாங்கிற பேச்சே கெடையாது. மேல தூக்கி எறியுது, ஒடனே கீழ இழுத்து எறியுது. அந்த அதிர்ச்சிலதான் ஃபேனு கத்துது. நான் நடுவுல கொஞ்சம் ஓய்வு குடுத்திருக்கேன். மேல போகும், இறங்கிச் சும்மா கெடக்கும். கீழ போகும், திரும்பச் சும்மா கெடக்கும். அம்புட்டுத்தான். நெசமான அலை இல்ல, படிக்கட்டு மாதிரி. ஆனா ஃபேனுக்கு அது அலைன்னுதான் தோணும்."

கேட்கக் கேட்க ஏசுதாசனுக்கு உள்ளே வெந்தது. இவ்வளவுதானா? நடுவில் ஓர் ஓய்வு! இது நமக்குத் தோன்றாமல் போயிற்றே!

அப்போதுதான் மேஜைமேல் இருந்ததைக் கவனித்தார். ஒரு பக்கம் ஒரு பல்பு, மறுபக்கம் ஒரு பல்பு, இரண்டுக்கும் சரிபாதித் தூரத்தில் பஜ்ஜி மடித்து வந்த காகிதம் ஒன்று சட்டத்தில் நின்றது. காகிதத்தின் நடுவில் எண்ணெய்ப் பொட்டு.

"இது என்னடா?"

"வோல்ட்டு பாக்குறது அண்ணே. இந்த பல்பு ஈபி கரண்டுல எரியுது, அது மிஷினுல எரியுது. ஒரு பக்கம் வெளிச்சம் கூடுனா எண்ணெப் பொட்டு தெரியும். ரெண்டும் ஒரே அளவா இருந்தா பொட்டு மறைஞ்சிரும். மறையுற வரைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்ல முனையை மாத்தி மாத்திப் பாப்பேன், முனைக்கு முனை வோல்ட்டு மாறும். எந்த முனைல மறையுதோ அதுல மாட்டி அரக்கு வச்சு அடைச்சிருவேன்."

ஏசுதாசன் விழுந்து விழுந்து சிரித்தார். வந்ததிலிருந்து அவருக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான். "ஏலே, பஜ்ஜிக் காகிதத்துல வோல்ட்டுப் பாக்குறவன உலகத்துலயே இப்பத்தாம்லே பாக்கேன்! ஒரு மீட்டர் வாங்கக்கூட வக்கில்லையா?"

சுந்தர்ராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஏசுதாசன் நின்று கேட்டால்தானே? பஜாருக்கு வந்து பத்துப் பேரிடம் பஜ்ஜிக் காகிதக் கதையைச் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் எரிச்சல் மட்டும் மிஞ்சியது.

மிஷின் சின்னமனூருக்குப் போய் மாட்டப்பட்டது. ஃபேன் சத்தமில்லாமல் ஓடியது. டாக்டரம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சுந்தர்ராஜ் பேரைச் சொன்னார். அந்தக் கிறிஸ்துமஸுக்குப் போடியில் மாமனார் வீட்டில் எல்லோரும் பந்திக்கு உட்கார்ந்தார்கள். சாப்பாட்டு ஜெபம் செய்வது எப்போதும் மூத்த மருமகன்தான். இருபத்தொரு கிறிஸ்துமஸாக ஏசுதாசன்தான் செய்திருக்கிறார். கண்ணை மூடித் தொண்டையைச் செருமிக்கொண்டு தயாராகிவிட்டார். மாமனார் குரல் கேட்டது.

"இந்த வருசம் சின்ன மருமகன் ஜெபம் பண்ணட்டும். ஆண்டவர் அவுக கைவேலைய ஆசீர்வதிச்சிருக்காரு."

மூடிய கண்ணை ஏசுதாசன் திறக்கவே இல்லை. ஜெபம் முடிந்து ஆமென் சொன்ன பிறகும் திறக்கவில்லை. ஞானசெல்வி தொடையில் கிள்ளித்தான் திறந்தார். அன்று ஆட்டுக்கறி அவருக்கு மண்ணாக இருந்தது.

பிப்ரவரி மாதம் சின்னமனூரிலிருந்து கம்பவுண்டர் கோட்டைச்சாமி வந்தார். ஆஸ்பத்திரியில் டியூப்லைட் ஒன்று விட்டு விட்டு எரிகிறது, சுந்தர்ராஜ் சாமான் வாங்கக் கோயம்புத்தூர் போயிருக்கிறார், நீங்கள் வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். சுந்தர்ராஜ் இல்லாததால்தான் நம்மைத் தேடுகிறார்கள் என்று ஏசுதாசன் முதலில் முறுக்கிக்கொண்டார். பிறகு என்ன தோன்றியதோ, தோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டார்.

டியூப்லைட் கால் மணி நேர வேலை. ஸ்டார்ட்டரை மாற்றினார், முடிந்தது. முடிந்ததும் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதானே? கால் நகரவில்லை. மாடிப்படிக்குக் கீழே சுந்தர்ராஜின் மிஷின் பச்சைப் பெயிண்ட்டில் பளபளவென்று நின்றது. கோட்டைச்சாமியை விட்டு மெயினை அணைக்கச் சொன்னார். மிஷின் ஓடத் தொடங்கியது. மீட்டரின் இரண்டு கம்பியையும் வைத்தார்.

முள் எழுந்தது. நூற்றெண்பதில் நின்றது.

கம்பியை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். நூற்றெண்பது.

அந்த நிமிஷம் ஏசுதாசனுக்கு வந்த ஆனந்தத்தைக் கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் யாரும் பார்த்ததில்லை. "டாக்டரம்மா! இங்கன வாங்கம்மா, இந்த அக்கிரமத்த வந்து பாருங்க!" என்று ஆஸ்பத்திரியே அதிரக் கூப்பிட்டார். நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்போடு ஓடி வந்தார்.

"நூத்தி எம்பது! இருநூத்தி முப்பது வரணும்மா. அம்பது வோல்ட்ட முழுங்கிட்டான். நம்ம வீட்டுப் பய, சொல்லக்கூடாது, ஆனா பஜ்ஜிக் காகிதத்துல அளந்தா இப்படித்தான் இருக்கும்."

"லைட் நல்லாத்தானே எரியுது?" என்றார் டாக்டரம்மா.

"கண்ணு ஏமாத்தும்மா. முள்ளு ஏமாத்தாது."

டாக்டரம்மா யோசித்தார். "அவர் வந்ததும் கேட்டுக்கலாமே."

"அவன் வாறதுக்குள்ள உங்க பேட்டரி வீணாப் போயிரும். நானே சரி பண்ணித் தாரேன். காசு வேணாம். எங்க குடும்பத்துப் பேரு கெட்டுறக் கூடாது பாருங்க."

"நீங்க அவருக்குச் சொந்தம்தானே, பார்த்துச் செய்ங்க," என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா போய்விட்டார்.

ஏசுதாசன் மூடியைக் கழற்றினார். டிரான்ஸ்ஃபார்மரில் முனைகள் வரிசையாக இருந்தன. ஒன்றில் கம்பியை மாட்டி, மேலே சிவப்பு அரக்கு வைத்து அடைத்திருந்தான் சுந்தர்ராஜ். அரக்கைச் சுரண்டி எறிந்தார். கம்பியை அடுத்த முனைக்கு மாற்றினார். முள் இருநூற்றைந்து காட்டியது. அதற்கும் அடுத்த முனையில் இருநூற்று இருபத்தெட்டு. பல்புகள் எல்லாம் ஒரேயடியாக வெள்ளை வெளேரென்று எரிந்தன. நர்ஸம்மாக்கள் எட்டிப் பார்த்து, அடேயப்பா என்ன வெளிச்சம் என்றார்கள். ஏசுதாசன் கோட்டைச்சாமியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"இதுதாம்ப்பா கரண்டு!"

பஸ்ஸில் வரும்போது வீரபாண்டி வரைக்கும் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் ஞானசெல்வியிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அன்று இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மூன்று நாள் அதிசயமாகக் கரண்ட் போகவில்லை. நான்காவது நாள் சாயங்காலம் ஏழு மணிக்குச் சின்னமனூரில் கரண்ட் போனது. பிரசவ அறையில் ஒரு பெண் வலியில் துடித்துக்கொண்டிருந்தாள், முதல் பிள்ளை. மிஷின் தானாக ஓடத் தொடங்கியது. ஃபேன் என்றும் இல்லாத வேகத்தில் சுற்றியது. அரை மணி நேரத்தில் டியூப்லைட்டின் சோக்கிலிருந்து புகை கிளம்பியது. கட்டிலுக்கு மேலே தொங்கிய பல்பு பட்டென்று போனது. வராண்டாவில் இன்னொன்று. கடைசியாக மிஷினே ஒரு கருகல் நாற்றத்தோடு நின்றுவிட்டது. பிள்ளையின் தலை வெளியே வருகிற நேரம், கும்மிருட்டு. கோட்டைச்சாமி டார்ச்லைட்டைப் பிடிக்க, டாக்டரம்மா வியர்வை கொட்டக் கொட்டப் பிள்ளையை வெளியே எடுத்தார். கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. எப்படியோ தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுநாள் காலையில் பஜார் முழுக்க அதே பேச்சு. சுந்தர்ராஜ் செய்த மிஷின் வெடித்துப் பிரசவ ஆஸ்பத்திரியே எரிந்திருக்கும் என்கிற அளவுக்குக் கதை வளர்ந்துவிட்டது. ஏசுதாசன் கடைக்கு வந்து நான்கு பேர் கேட்டார்கள். அவர் ஒரு ரேடியோவுக்குள் தலையை விட்டுக்கொண்டார். நூற்றெண்பதை இருநூற்று முப்பதாக்கியது தப்பா? அதெப்படித் தப்பாகும்? முள் பொய் சொல்லுமா?

கோயம்புத்தூரிலிருந்து திரும்பிய சுந்தர்ராஜ் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே சின்னமனூருக்குப் போனான். மத்தியானம் ஏசுதாசன் கடைக்கு வந்தான். கைக்குட்டையைப் பிரித்து மேஜைமேல் வைத்தான். சிவப்பு அரக்குத் துணுக்குகள்.

"கோட்டைச்சாமி சொன்னாரு அண்ணே," என்றான். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஏசுதாசனும் நான்கு வார்த்தை கத்தியிருப்பார்.

"நூத்தி எம்பதுதான் காட்டுச்சு," என்றார் ஏசுதாசன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"காட்டும். உங்க மீட்டர்மேல தப்பில்ல. அதைச் செஞ்சவன், கரண்டுன்னா அலையாத்தான் வரும்னு நம்பி எண்ணு போட்டிருக்கான். அது சராசரியப் பாத்துத்தான் சொல்லுது. நம்ம மிஷினுல ஓய்வு நேரம் இருக்குல்ல, அதையும் சேத்துச் சராசரி போட்டா முள்ளு இறங்கித்தான் நிக்கும். ஆனா பல்பு சராசரி பாக்காது அண்ணே, சூட்டத்தான் பாக்கும். முள்ளு நூத்தி எம்பது காட்டையில பல்புக்குச் சரியா இருநூத்தி முப்பது போயிக்கிட்டிருந்துச்சு. நீங்க முள்ளுல அதக் கொண்டுவந்ததும் பல்புக்கு முந்நூறு பக்கம் போயிருச்சு. அதுக்குத்தான் நான் காகிதம் வச்சுப் பாத்தேன். அன்னிக்கே சொல்ல வந்தேன்."

ஏசுதாசனுக்குப் புரிந்தது. தொழில் தெரிந்தவர், புரியாமல் என்ன? இருபத்து மூன்று வருஷமாக முள் சொன்னதை ஒருநாளும் சந்தேகிக்காதவர் அவர். "டாக்டரம்மாகிட்டச் சொல்லிட்டியா?"

"என் தப்புதான்னு சொல்லிட்டு வந்துட்டேன். அண்ணன் கைவச்சதால இல்ல, முனை முன்னாடியே தளர்ந்து போச்சு, நாந்தான் சரியாப் பாக்கலன்னு. கோட்டைச்சாமிகிட்டயும் பேசாதீகன்னு கேட்டுக்கிட்டேன். புது மிஷினு மாட்டித் தாரேன்னுட்டேன்."

"ஏம்லே?"

"உங்க பேரு இந்த பஜார்ல இத்தன வருசப் பேரு அண்ணே. எம்பேரு நேத்து வந்தது. போனா திரும்பச் சம்பாதிச்சுக்குவேன்." இவ்வளவுதான் சொன்னான். அரக்கை அங்கேயே விட்டுவிட்டுப் போனான்.

ஏசுதாசன் அன்று கண்கலங்கினார், பொய் சொல்லக்கூடாது. நன்றி நெஞ்சை அடைத்தது. அந்த நன்றி சரியாக ஒன்றரை நாள் இருந்தது.

ஏனென்றால் பேச்சு திரும்பிவிட்டது. வெடித்த மிஷினை எல்லோரும் மறந்து, தப்பை ஒத்துக்கொண்டவனைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். "தப்பு எம்மேலதான்னு டாக்டரம்மா முன்னால நெஞ்ச நிமிர்த்திச் சொன்னானாம்ல!" "சல்லிக்காசு வாங்காம புது மிஷினு குடுக்கானாம்!" "இந்தக் காலத்துல எவன்யா ஒத்துக்கிறான்?" டீக்கடையில், மண்டியில், முடிவெட்டுகிற இடத்தில், எங்கே போனாலும் சுந்தர்ராஜ் புராணம். மாமனார் போடியிலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்து சின்ன மருமகனைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார். போகிற வழியில் ஏசுதாசன் கடையில் இறங்கி, "அவுககிட்டக் கத்துக்கணும்யா," என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

கத்துக்கணுமாம்! செய்தது நான், பயந்தது நான், மூன்று நாளாகத் தூங்காதது நான். நல்ல பேர் அவனுக்கா? தொழிலில் பேர் வாங்கினான், சரி. வாங்கிக்கொள்ளட்டும். செய்யாத தப்புக்கும் பேர் வாங்குவானா?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. கோயில் நிறைந்திருந்தது. மாமனாரும் போடியிலிருந்து வந்து முன் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். போதகர் பிரசங்கத்தில் பாவ அறிக்கையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவர், பேர் சொல்லாமல் ஆரம்பித்தார். "நம்ம சபையிலேயே ஒரு வாலிபன் இருக்கிறான். தன் கைவேலையிலே ஒரு குறை வந்தபோது, அடுத்தவன்மேல் பழிபோடாமல், அது என் குற்றம் என்று அறிக்கை செய்தான். பிரியமானவர்களே, அந்த வாலிபனைப் பாருங்கள்."

பார்த்தார்கள். இருநூறு தலையும் ஒன்றாகத் திரும்பிச் சுந்தர்ராஜைப் பார்த்தன. அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிவுதான் ஏசுதாசனால் தாங்க முடியவில்லை. குனிந்தால் இன்னும் நல்லவனாகத் தெரிந்தான்.

"நிறுத்துங்கய்யா!"

யார் குரல் என்று ஏசுதாசனே ஒரு கணம் தேடினார். அவர்தான் எழுந்து நின்றுகொண்டிருந்தார். பெண்கள் பக்கத்தில் ஞானசெல்வி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவன் ஒரு தப்பும் பண்ணல. பண்ணாத தப்புக்கு அவனுக்கு எதுக்குப் பாராட்டு? முனைய மாத்துனது நானு. அரக்கச் சுரண்டுனது நானு. எம்மீட்டர வச்சு நூத்தி எம்பதுன்னு சொல்லி நாந்தான் ஏத்தி விட்டேன்."

போதகர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ மிஷினில் குறை எதுவும் இல்லையா?" என்று கேட்டார். அவருக்குப் பாவம், பிரசங்கத்தை எங்கே கொண்டுபோய் முடிப்பது என்று தெரியவில்லை.

ஏசுதாசன் வாயைத் திறந்தார். திறந்த பிறகுதான் உறைத்தது. இதற்கு என்ன பதில் சொல்வது? குறை இருந்தது என்றால் சுந்தர்ராஜின் அறிக்கை மெய்யாகிவிடும், அந்த நல்ல பேர் அவனுக்கே போய்விடும். குறை இல்லை என்றால்? மீட்டர் ஏசுதாசன் என்கிற பேர் போய்விடும். மாமனார் பார்த்துக்கொண்டிருந்தார். பஜாரில் பாதி அங்கே இருந்தது. உட்கார்ந்துவிடலாமா என்றுகூட நினைத்தார். ஆனால் எழுந்தாயிற்று.

"ஒரு குறையும் இல்ல," என்றார். "காகிதத்துல அளந்தாலும் சரியாத்தான் அளந்திருந்தான். மீட்டர் தப்பாக் காட்டும்னு எனக்குத்தான் தெரியல. அந்த மாதிரி மிஷினு இந்தப் பக்கத்துல வேற யாருக்கும் செய்யத் தெரியாது. எனக்கும் தெரியாது."

உட்கார்ந்தார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது சுந்தர்ராஜ் அவர் பக்கத்தில் வந்து, "எதுக்கு அண்ணே?" என்றான். ஏசுதாசன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாமனார் அவரைக் கண்டதும் கொஞ்சம் நகர்ந்து நின்றுகொண்டார்.

திங்கட்கிழமை காலையில் கடை திறந்ததும் முதல் ஆள் கம்பத்திலிருந்து வந்தார். அங்கே கண்ணாஸ்பத்திரி வைத்திருக்கிற டாக்டரின் மேனேஜர். "சுந்தர்ராஜ் பட்டறை எங்கன இருக்கு? தேனியிலயே பெரிய மெக்கானிக்கு, நீங்களே கோயில்ல எந்திரிச்சு நின்னு சொன்னீகளாமே, அவுகள விட்டா ஆளில்லைன்னு," என்றார். ஏசுதாசன் வழி சொன்னார். பாலத்தைத் தாண்டி, வலது கைப் பக்கம், தகரக் கொட்டகை, பச்சைப் பெயிண்ட். மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு பேர் அதே வழியைக் கேட்டார்கள். அவருடைய கடையில் வேலை கொடுக்க ஒருவரும் வரவில்லை. பழைய லாரிக்காரர் ஒருவர் பேட்டரியோடு வந்தவர், இவர் கம்பியை வைத்து எண்ணைச் சொன்னதும், "நெசமாத்தானா அண்ணாச்சி? வேற எங்கனயும் ஒருக்காப் பாத்துக்கிறேன்," என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சாப்பிட வீட்டுக்குப் போனார். ஞானசெல்வி சோறு போட்டு, குழம்பு ஊற்றி, எதிரே உட்கார்ந்தாள். நேற்றிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள். "அக்கம்பக்கத்துல எல்லாரும் ஏங்கிட்ட வந்து, உன் வீட்டுக்காரரு மனச்சாட்சிக்குப் பயந்து எந்திரிச்சுட்டாருன்னு சொல்லுதாக. உண்மையச் சொல்லணும்னு எந்திரிச்சீகளா? இல்ல, அந்தப் பேரு அவுகளுக்குப் போயிரக் கூடாதுன்னு எந்திரிச்சீகளா?"

ஏசுதாசன் கை சோற்றில் நின்றது. மனச்சாட்சி என்று சொல்லிவிடலாம். ஊரே அப்படித்தான் நினைக்கிறது. இன்றைக்கு அவரிடம் மிச்சமிருக்கிற ஒரே நல்ல பேர் அதுதான்.

"போயிரக் கூடாதுன்னுதான்," என்றார். "அதுவும் நடக்கல. உள்ளதும் அவங்கிட்டப் போயிருச்சு."

ஞானசெல்வி சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவும் எரியுதுடி எனக்கு," என்றார். "சாகுற வரைக்கும் எரியும்போல இருக்கு."

"தெரியும்," என்றாள் ஞானசெல்வி. "எனக்குக் கல்யாணமான மறுநாள்லருந்தே தெரியும். நீங்க வாயத் தெறந்து சொன்னது இன்னைக்குத்தான். சாப்பிடுங்க."